பிள்ளையார் கோயில் முனை பூக்காரம்மாவுக்கும் உங்க எல்லாருக்கும்

சத்துவாச்சாரில நம்ம தெருவுல இருக்கற எல்லாருக்கும் வணக்கம். பாப்பா நல்லா இருக்கா. மூணு நாளா எல்லாரும் அதத்தான் கேக்கறீங்க, ஒருத்தருக்கும் ஒழுங்கா பதில் சொல்ல முடியல, அதனால மொதல்ல இத சொல்லிட்டேன். வியாழக்கிழமை சாயந்திரம் ஸ்வீட் தின்னு அலர்ஜி ஆகி பாப்பாவ ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு ஓடினத முழுசா திரும்ப எழுதல, பாதி பேரு அங்கயே நின்னீங்க, மீதி பேருக்கு ராத்திரியே தெரிஞ்சிடுச்சு. கண்ண மூடினா இன்னும் அவ உதடு வீங்கினதுதான் வந்து நிக்குது.

கிரீன் சர்க்கிள் நெரிசல்ல ஹாரன் மேல இருந்து கைய எடுக்காம ஓட்டின ஆட்டோ அண்ணாவுக்கு, பெரியவன ஸ்கூல்ல இருந்து கூட்டிட்டு வந்து சோறு போட்டு தூங்க வச்ச எதிர்வீட்டு அக்காவுக்கு, எவ்ளோன்னு கூட கேக்காம பணத்த எங்க வீட்டுக்காரர் கையில திணிச்ச மேல்வீட்டு மாமாவுக்கு, ராத்திரி பூரா பக்கத்துலயே இருந்த சிஸ்டருங்களுக்கு, எல்லாருக்கும் கோடி நன்றி. இந்த கடன எப்படி தீக்கறதுன்னு தெரியல.

ஆனா ஒருத்தங்கள பத்தி தனியா சொல்லியே ஆகணும். பிள்ளையார் கோயில் முனையில பூ விக்கறாங்களே, அந்த அம்மா. ஆறு வருஷமா அவங்க கிட்ட பூ வாங்கறேன், பேரு கூட கேட்டதில்ல.

எனக்கு அன்னிக்கு கையும் ஓடல காலும் ஓடல. பாப்பா வாந்தி எடுத்ததும் தோள்ல சாச்சுக்கிட்டு ஓடறேன், அவ கையில பாதி கடிச்ச மக்கன் பேடா அப்படியே இருக்கு, ஆற்காட்டுல இருந்து எங்க சித்தி வாங்கிட்டு வந்த ஸ்வீட். அத புடுங்கி சாக்கடையில போட போனேன். அந்த அம்மா எந்திரிச்சு என் கைய புடிச்சுட்டாங்க. "அத தூக்கி போடாத பாப்பா. பாம்பு கடிச்சா இன்னா பாம்புன்னு கேப்பாங்க இல்ல, இதுக்கும் கேப்பாங்க. கொயந்த இன்னாத்த துன்னுச்சுன்னு அவங்களுக்கு தெரியணும்"னு சொல்லிக்கிட்டே பூ வைக்கற வாழ இலையில ஒரு துண்டு கிழிச்சு, அந்த பேடாவ உள்ள வச்சு மடிச்சு, மடியில இருந்த நாரால ரெண்டு சுத்து சுத்தி ஒரு முடிச்சு போட்டாங்க. ஒரு நிமிஷம் கூட ஆகல. ஆட்டோவுக்குள்ள கைய விட்டு என் மடியில வச்சுட்டு, "கோயில்ல ஆறு மணி அடிச்சப்ப துன்னுச்சு, அதயும் சொல்லு"ன்னாங்க.

அங்க போனதும் டியூட்டி டாக்டர் கேட்ட மொத கேள்வியே அதுதான், என்ன சாப்பிட்டா, எத்தன மணிக்கு. எனக்கு வாய் வரல, அந்த பொட்டலத்த நீட்டினேன். நாரு அவுக்கும்போது மல்லி வாசன வந்துச்சு. வெளிய பாத்தா குலாப்ஜாமூன் மாதிரி தான் இருக்கு, பாப்பா பல்லு பதிஞ்ச எடத்துல டாக்டர் பிச்சு பாத்தாரு, பச்சையா பிஸ்தா துண்டு, பக்கத்துல முந்திரி. அதுக்குள்ள பருப்பு வச்சிருப்பாங்கன்னு எனக்கு அந்த நிமிஷம் ஞாபகமே வரல பாருங்க, வேர்க்கடல மிட்டாய் எத்தனையோ தடவ தின்னிருக்கா, ஒண்ணும் ஆனதில்ல, அதனால அந்த சந்தேகமே எனக்கு வரல. மூச்சு இழுக்கறதயும் உடம்பு பூரா தடிச்சிருக்கறதயும் பாத்து ஏற்கனவே தொடையில ஊசி ஏத்தியிருந்தாங்க, அட்ரினலின், பாப்பா 14 கிலோ, 0.14 மில்லி தான், கண்ணுக்கே தெரியாத அளவு. கொஞ்ச நேரத்துல மூச்சு எறங்குச்சு. அவ "அம்மா தண்ணி"ன்னு கேட்டப்ப நான் தரையிலயே உக்காந்துட்டேன்.

முந்திரி, பிஸ்தா அலர்ஜின்னு இப்போதைக்கு சந்தேகம் தான், நாலு ஆறு வாரம் கழிச்சு தோல்ல டெஸ்ட் பண்ணி பாத்தாதான் உறுதியா சொல்ல முடியும்னாரு டாக்டர். முந்திரியும் பிஸ்தாவும் ஒரே குடும்பம், ஒண்ணு ஒத்துக்காதவங்களுக்கு பெரும்பாலும் இன்னொண்ணும் ஒத்துக்காதாம், வேர்க்கடல வேற வகையாம். அதுவரைக்கும் முந்திரி, பிஸ்தா மாதிரி எந்த கொட்ட வகையும் வேணாம்னு சொல்லியிருக்காரு. அலர்ஜிக்கு போடற அவில் மாத்திர அரிப்புக்கு தான் கேக்கும், மூச்சு தெணறினா அத நம்பி வீட்ல உக்காரக்கூடாது, ஊசிதான் வேணும். நான் பண்ண மாதிரி தோள்ல நிமுத்தி தூக்கிட்டு ஓடவும் கூடாதாம், படுக்க வச்சு கால ஒசத்தணும், மூச்சு முட்டினா உக்கார வச்சுக்கலாம், ஆனா நடக்க விடக்கூடாது. ஊசி போட்டு சரியானாலும் சில மணி நேரம் கழிச்சு திரும்ப வரலாம்னு தான் ராத்திரி அங்கயே வச்சிருந்தாங்க. கொழந்தைங்க வச்சிருக்கற நம்ம தெரு அம்மாங்க எல்லாரும் இத மனசுல வச்சுக்கோங்க, யார் வீட்டு கதவ நடுராத்திரி தட்டினாலும் நான் வருவேன், இது சத்தியம்.

நேத்து சாயந்திரம் பாப்பாவ கூட்டிட்டு அந்த அம்மாவ பாக்க போனேன். பொடவ ஒண்ணு எடுத்துட்டு போயிருந்தேன், வாங்கல. பாப்பா தாடைய தூக்கி கழுத்த திருப்பி திருப்பி பாத்தாங்க, ஈரக்கை, பாப்பா சிரிக்கறா. இனிமே எது எது ஆகாதுன்னு கேட்டாங்க, சொன்னேன். கொஞ்ச நேரம் பூவ கட்டாம அப்படியே கையில வச்சிருந்தாங்க. அப்பறம், "சக்கர பொங்கல்ல முந்திரி போடுவாங்களே பாப்பா, இது தெனம் வந்து கைய நீட்டுமே, ஐயரு கிட்ட நான் சொல்லி வைக்கறேன்"னாங்க. எனக்கு அது தோணவே இல்ல. நான் பேரு கேக்கறதுக்குள்ள எந்திரிச்சு கோயிலுக்குள்ள போயிட்டாங்க.