மாப்ள, அது தேயல, எரிஞ்சிருக்கு

டேய் மாப்ள,

எப்படிடா இருக்க. உன் மெயில் வந்து மூணு வாரம் ஆச்சு, பதில் போடணும் போடணும்னு தள்ளிட்டே போயிருச்சு, மன்னிச்சுக்கோ. அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுன்னு படிச்சதும்தான் எனக்கு மூச்சே வந்துச்சு. அவங்க வாக்கர் பிடிச்சு நடக்குற வீடியோவ வீட்ல காமிச்சேன், இவ அழுதுட்டா. நாம ஹாஸ்டல்ல இருந்து சொல்லாம கொள்ளாம வந்து நிப்போம், ராத்திரி பத்து மணிக்கு நின்னு நின்னு தோசை ஊத்துன கால்டா அது.

இங்க எல்லாம் நல்லா இருக்கோம். பெரியவன் ஸ்கூல் கடைசி வருஷம், சின்னவளுக்கு தமிழ் எழுத்து இப்பதான் பிடிபட ஆரம்பிச்சிருக்கு. ஸ்டுட்கார்ட்ல குளிர் ஆரம்பிச்சாச்சு, வேலை வழக்கம் போல.

சரி, நீ கேட்டதுக்கு வரேன். செராமிக் பிரேக்குன்னா வாழ்நாள் பூரா வரும்னு சொல்றாங்களே, உனக்கு மட்டும் ஏன் ரெண்டு சீசன்ல போச்சு, உன் ஷெட்டுக்கு வர்ற பையன் அதே மாதிரி பிரேக் போட்ட செகண்ட் ஹேண்ட் ஸ்போர்ட்ஸ் கார் ஒண்ணு பாத்து வச்சிருக்கான், செட்டிபாளையம் டிராக்ல ஓட்டணும்னு சொல்றான், என்ன சொல்லட்டும்னு கேட்டிருந்த. நல்ல வேளை வாங்குறதுக்கு முன்னாடி கேட்ட மாப்ள, எனக்கு அப்படி சொல்ல ஆள் இல்லாம போச்சு.

முதல்ல என் கதை. இங்கிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல போனா ஹாக்கன்ஹைம் டிராக், 4.574 கிலோமீட்டர். அதுல பரபோலிகான்னு ஒரு நீளமான வளைவு இருக்கு, இடது பக்கமா லேசா வளைஞ்சுகிட்டே போகும், ஆக்ஸிலரேட்டர்ல இருந்து காலே எடுக்க வேண்டாம், ஆனா அது முடியுற இடத்துல வலது பக்கம் கொண்டை ஊசி. என் கார் அங்க 240 வரைக்கும் போகும், அப்பறம் 60-க்கு இறங்கணும். கணக்கு போட்டுப் பாத்தேன், காரும் நானும் சேந்து 1500 கிலோன்னு வச்சுக்கிட்டா அந்த ஒரே மிதியில சுமார் 3 மெகா ஜூல் சூடு, பத்து லிட்டர் பச்சத் தண்ணிய கொதிக்க வைக்கிற சூடு, அதுவும் அஞ்சு செகண்டுல. காத்து கொஞ்சம் வாங்கிக்கும், மீதி பூரா சக்கரத்தோட சேந்து சுத்துற பிரேக் டிஸ்க்குக்குத்தான். இது ஒவ்வொரு ரவுண்டும். கொல்லிமலை 70 வளைவும் இறங்கி வர்ற லாரி அடிவாரத்துல நிக்கும்போது லைனர் வாசம் அடிக்குமே, அங்க ஓட்டுறவன் கியர்ல பிடிச்சு இறங்குறான், இங்க யாரும் அப்படி இறங்குறது இல்ல, எல்லாம் கால்லதான்.

போன வருஷம் நாலு நாள், இந்த வருஷம் அஞ்சு நாள், மொத்தமே ஒம்பது நாள்தான் ஓட்டிருக்கேன். முதல்ல காமிச்சுக் கொடுத்தது டிஸ்க்க ரெண்டு பக்கமும் அழுத்திப் பிடிக்கிற பேட்தான். ஒரு சீசன் வர வேண்டிய பேட் ரெண்டே நாள்ல பாதியாச்சு. அப்பறம் கடைசி தடவ போனப்ப பெடல் கல்லு மாதிரி கெட்டியா இருக்கு, ஆனா கார் நிக்க வேண்டிய இடத்துல நிக்கல. பிரேக் ஆயில் கொதிச்சிருந்தா பெடல் அடி வரைக்கும் போயிருக்கும், அது இல்ல. அந்த வளைவுல எனக்கு உள்ளங்கை வேர்த்துருச்சு மாப்ள, அன்னைக்கு அதோட நிறுத்திட்டு மெதுவா வீட்டுக்கு வந்துட்டேன்.

கழட்டிப் பாத்தா டிஸ்க் மேல உப்புத்தாள் மாதிரி சொரசொரன்னு இருக்கு, அங்கங்க நாரு நாரா தெரியுது. ஆனா மைக்ரோமீட்டர் வச்சா தடிமன் அப்படியே இருக்குடா, தேய்மானமே இல்லாத மாதிரி. எனக்கு ஒண்ணும் புரியல. பக்கத்து ஊர்ல ரேஸ் கார் பாக்குற வயசான மெக்கானிக் ஒருத்தர்கிட்ட கொண்டு போனேன், அவர் மைக்ரோமீட்டர கையால கூட தொடல, டிஸ்க்க தொடச்சு எடுத்துட்டுப் போயி தராசுல வச்சார். டிஸ்க்கோட நடுவுல தொப்பி மாதிரி இருக்கிற பெல்லுல குறைஞ்சபட்ச எடைன்னு ஒரு நம்பர் வெட்டியிருக்கு, அத விட முன்னாடி இடது டிஸ்க் 40 கிராம் கம்மி, வலது 25 கிராம் கம்மி. முடிஞ்சு போச்சுன்னு சொல்லிட்டார்.

இதுதான் அந்தப் பையனுக்கு நீ புரிய வைக்க வேண்டியது. இரும்பு டிஸ்க் உரசித் தேயும், செராமிக் டிஸ்க் டிராக்ல எரியும். அது செய்யுற விதத்துலயே இது இருக்கு. கார்பன் நாரையும் ரெசினையும் அச்சுல அழுத்தி, காத்துபடாம சூளையில சுட்டா ரெசின் கார்பனாயிரும், உள்ள பூரா நுண்ணோட்டையா இருக்கும். அதுல 1414 டிகிரிக்கு மேல உருகுன சிலிக்கான ஊற விட்டா அது கார்பனோட சேந்து சிலிக்கான் கார்பைடு ஆகும், நம்ம உப்புத்தாள்ல இருக்கிற அதே கல்லு. நார் மட்டும் கார்பனாவே உள்ள நிக்கும், விரிசல் ஓடாம பிடிச்சு வைக்கிறதே அதுதான். விண்கலம் திரும்பி வரும்போது தாங்குற சூட்டுக் கவசத்துக்காக ஜெர்மன் விண்வெளி மையம் இதே ஸ்டுட்கார்ட்லதான் இந்த முறையில வேலை பாத்தாங்க, நான் தினமும் போற ரோட்டுல இருந்து கொஞ்ச தூரம்தான், 2001-ல இந்த பிரேக் போர்ஷே 911 ஜிடி2-ல வந்தப்ப நாம அத பத்தி எவ்வளவு பேசிருப்போம், ஞாபகம் இருக்கா.

ஆனா கார்பன்னா கரிதானேடா. 400, 500 டிகிரி தாண்டினா காத்து பட்டு மெல்ல மெல்ல எரியும். சிலிக்கான் கார்பைடு நிக்கும், நடுவுல இருக்கிற நார் புகையாப் போயிரும். அதனாலதான் தடிமன் குறையல, எடை குறைஞ்சிருக்கு, நார் போன இடமெல்லாம் குழியாகி பேட்ட அரம் மாதிரி ராவியிருக்கு. ரோட்டுல ஓட்டும்போது அந்த சூடு வர்றதே அபூர்வம், அதனால வாழ்நாள் பூரா வரும்னு சொல்றது பொய் இல்ல, ஆனா அது ரோட்டுக்கு மட்டும். இன்னொண்ணு, இரும்போட அடர்த்தியில இது மூணுல ஒரு பங்குதான். எடை கம்மின்னு எல்லாரும் கொண்டாடுறோம், அதே சூட்ட வாங்கிக்க உடம்பும் கம்மின்னு அர்த்தம், அதனால இன்னும் சூடாகும். எஃப் 1 காருல இதுதானே இருக்குன்னு அந்தப் பையன் கேப்பான். இல்ல, அது கார்பன் கார்பன், நாரும் கார்பன், அத சுத்தி இருக்கிறதும் கார்பன், வேற சாமான், சூடேறாம அது பிடிக்கவே பிடிக்காது, டவுனுக்குள்ள ஓட்ட ஆகாது.

நான் பண்ண தப்பும் இருக்கு. வாங்கும்போது டிஸ்க்க கழட்டி எடை போட்டுப் பாக்கல, முன்னாடி வச்சிருந்தவர் எத்தன நாள் டிராக்ல ஓட்டினாரோ. வித்த இடத்துல போயி கேட்டா டிராக்ல ஓட்டினா வாரண்டி இல்லன்னு ஒரே வார்த்தையில முடிச்சிட்டாங்க. அப்பறம் பயத்துல, கார் சறுக்காம பாத்துக்கிற ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல ஆன்லயே வச்சு ஓட்டுனேன், அது நமக்குத் தெரியாம ஒவ்வொரு வளைவுலயும் பின் சக்கரத்த தனியா பிரேக் பிடிச்சுகிட்டே இருக்கும், பின்னாடி டிஸ்க்கும் வெந்ததுக்கு அதுதான் காரணம்னு அந்த மெக்கானிக் சொன்னார். பேட் பாதியானதும் மாத்திருக்கணும், மெலிஞ்ச பேட் சூட்ட தடுக்காம, பேட்ட அழுத்துற கேலிப்பருக்கும் ஆயிலுக்கும் விட்டுரும். நான் காசு பாத்து இன்னொரு நாள் ஓட்டுனேன்.

புதுசா நாலு டிஸ்க் போடுற காசுக்கு நம்மூர்ல ஒரு சின்ன கார் புதுசாவே எடுத்துரலாம் மாப்ள, நான் போடல. அலுமினிய பெல் வச்ச இரும்பு டிஸ்க் போட்டுட்டேன், பேடும் அதுக்குன்னு தனி, மாத்திப் போட்டுறக் கூடாது. ஸ்டியரிங் கொஞ்சம் கனமாத்தான் தெரியுது, அந்த லேசான ஓட்டம் போனதுல வருத்தம் இருக்கு, மறைக்கல. ஆனா இரும்பு டிஸ்க்ல ஓட்டையச் சுத்தி விரிசல் விட்டா கண்ணுக்குத் தெரியும், மாத்திட்டு அடுத்த வாரம் ஓட்டலாம். நான் அடுத்த தடவ அந்த கொண்டை ஊசிக்கு வரும்போது என் கால நம்பணும், எனக்கு அதுதான் பெருசு.

அதனால அந்தப் பையன்கிட்ட சொல்லு, நாலு டிஸ்க்கையும் கழட்டி பெல்லுல இருக்கிற நம்பரோட எடைய ஒத்துப் பாக்காம அட்வான்ஸ் குடுக்க வேண்டாம்னு. வாங்குனாலும் டிராக்குக்கு இரும்பு போட்டுட்டு செராமிக்க துணி சுத்தி பெட்டியில வைக்கச் சொல்லு, விக்கும்போது அதுக்கு மதிப்பு இருக்கு. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் கடைசி ரவுண்ட பிரேக்க அதிகம் தொடாம ஆற விட்டு வரணும், வந்து நின்னதும் பெடல மிதிச்சுகிட்டு நிக்கக் கூடாது. உன் பசங்ககிட்டயும் சொல்லி வை, வீல் கழட்டும்போது போல்ட் ஓட்டையில வீல் சரியாம தாங்குற கைடு பின் மாட்டிட்டுத்தான் கழட்டணும், ரிம் வந்து டிஸ்க் விளிம்புல இடிச்சா சில்லு பேந்துரும், அப்பறம் அத ஒட்ட வைக்க முடியாது.

ஜனவரியில பொங்கலுக்கு வரோம், டிக்கெட் போட்டாச்சு. அந்த இடது டிஸ்க்க உனக்குக் கொண்டு வரேன், நாரு எரிஞ்ச இடத்த நீ விரல் வச்சுப் பாக்கணும். அம்மாவுக்கு இங்கிருந்து முட்டிக்கு ஏதாவது வேணுமான்னு டாக்டர்கிட்ட கேட்டு சொல்லு, பெட்டியில இடம் வச்சிருக்கேன்.

உன்
மாப்ள