சத்தமில்லாமல் காணாமல் போகும் வரிகள்: லினக்ஸ் கெர்னல் பராமரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலைப் பராமரிக்கும் உங்கள் எல்லாருக்கும் வணக்கம்.

ஒரு சிறு கணினி போர்டில் புதிய கெர்னலை ஏற்றினேன். எந்தெந்த விருப்பங்கள் கெர்னலில் சேர வேண்டும் என்று சொல்லும் டெஃப்கான்ஃபிக் கோப்பு பழையதுதான், முந்தைய பதிப்பில் நன்றாக ஓடியது. பில்ட் ஓர் எச்சரிக்கைகூட இல்லாமல் முடிந்தது. ஆனால் நெட்வொர்க் எழவில்லை. ரூட் ஃபைல்சிஸ்டம் என்எஃப்எஸ் (நெட்வொர்க் கோப்புப் பகிர்வு) வழியாக வர வேண்டும் என்பதால் பூட்டும் அங்கேயே நின்றுவிட்டது. கேபிளை மாற்றினேன், வன்பொருளை விவரிக்கும் டிவைஸ் ட்ரீயைத் துருவினேன், இரண்டு நாள் போனது. அப்புறம்தான் பில்டின் இறுதி அமைப்புகள் இருக்கும் டாட் கான்ஃபிக் கோப்பைத் திறந்தேன். ஈதர்நெட் டிரைவரே அதில் இல்லை. அந்த டிரைவருக்கு மேலே புதிதாக ஒரு விருப்பம் முளைத்திருந்தது, அதை இயக்கினால்தான் டிரைவர் வரும். டெஃப்கான்ஃபிக்கில் டிரைவரின் வரி அப்படியே இருந்தது. சார்பு நிறைவேறவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லாமல், கெர்னலின் அமைப்புக் கருவியான கேகான்ஃபிக் அதைத் தள்ளிவிட்டது.

2010-இல் கெர்னலின் ஆர்ம் செயலிகளுக்கான பகுதியில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். போர்டுக்கு ஒன்றாக முழுநீள டெஃப்கான்ஃபிக்குகள் குவிந்து, லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அவற்றை மொத்தமாக நீக்கிவிடுவேன் என்று சொல்லும் அளவுக்குப் போனது. அந்த ஆண்டே கெர்னல் 2.6.36-இல் சேவ்டெஃப்கான்ஃபிக் என்ற கட்டளை வந்தது. இயல்பு மதிப்பிலிருந்து மாறுபடும் வரிகளை மட்டும் அது எழுதிவைக்கிறது. 64-பிட் ஆர்முக்கான ஆர்ம்64 பகுதி ஒரே டெஃப்கான்ஃபிக்கோடு நிறுத்திக்கொண்டதும் நல்ல முடிவு. பழைய முறைக்குத் திரும்பச் சொல்லி நான் எழுதவில்லை.

ஆனால் சுருங்கிய கோப்பின் பொருள் அதற்கு வெளியே இருக்கிறது. விருப்பங்களை வரையறுக்கும் எங்கோ ஒரு கேகான்ஃபிக் கோப்பில் இயல்பு மதிப்பு மாறினால், யாரும் தொடாமலே டெஃப்கான்ஃபிக்கின் விளைவும் மாறிவிடும்.

இதில் என்னை அதிகம் கவலைப்படுத்துவது, சேவ்டெஃப்கான்ஃபிக்கை ஓட்டி, வந்ததை அப்படியே அனுப்பும் ‘புதுப்பிப்பு’ பேட்ச்கள் (கெர்னலில் செய்யும் மாற்றங்கள்). அதில் ஒரு வரி மறைந்தால் என்ன அர்த்தம்? அது இயல்பு மதிப்பாகவே ஆகியிருக்கலாம். வேறொரு விருப்பம் அதைத் தானாகவே இயக்கும்படி செலக்ட் செய்திருக்கலாம். இவை இரண்டிலும் இழப்பில்லை. ஆனால் சிம்பலின், அதாவது அந்த விருப்பத்தின், பெயர் மாறியிருந்தாலும், சார்பு அறுந்திருந்தாலும் வரி அதேபோலத்தான் மறையும். அப்போது யாரோ ஒருவரின் டிரைவர் போய்விடுகிறது. பேட்ச்சில் நாலுக்கும் வரி நீக்கத்தைக் காட்டும் ஒரே கழித்தல் குறிதான். உண்மையில் இந்தப் புதுப்பிப்பு அடையாளத்தையும் அழித்துவிடுகிறது: என் போர்டில் அந்த வரி கோப்பில் மிச்சம் இருந்ததால்தான் என்ன தொலைந்தது என்றாவது எனக்குத் தெரிந்தது.

அதனால் கேட்கிறேன். ஒரு சிம்பலின் பெயரை மாற்றுகிறவரோ அதற்குப் புதிய சார்பு சேர்க்கிறவரோ, அதே பேட்ச் தொடரில் எல்லா டெஃப்கான்ஃபிக்குகளையும் தேடித் திருத்த வேண்டும். மறையும் ஒவ்வொரு வரிக்கும் காரணம், பேட்ச்சோடு வரும் கமிட் செய்தியில் இல்லாத புதுப்பிப்பு பேட்ச்சைத் திருப்பி அனுப்புங்கள். புதிய வரி சேர்க்க வருகிறவரிடம் ‘எந்த போர்டுக்கு? மாட்யூலாக இருந்தால் போதாதா?’ (அதாவது, தேவைப்படும்போது ஏற்றும் தனித் துண்டாக) என்று கேட்கிறீர்கள், சரியான கேள்வி. வரி போகும்போதும் அதே அக்கறை வேண்டும்.

கருவியின் பக்கமும் ஒரு குறை உண்டு. தெரியாத சிம்பல் வந்தால் எச்சரிக்கும் வசதி கேகான்ஃபிக்கில் இப்போது இருக்கிறது, ஒரு சூழல் மாறியை வைத்தால் போதும். ஆனால் என் டிரைவரின் பெயர் தெரியாத பெயர் அல்லவே, அதன் சார்புதான் நிறைவேறவில்லை. துண்டு துண்டான கான்ஃபிக் கோப்புகளை இணைக்கும் மெர்ஜ்_கான்ஃபிக் ஸ்கிரிப்ட், கேட்ட மதிப்பு இறுதிக் கோப்பில் இல்லையென்றால் சொல்லிவிடுகிறது. மேக் டெஃப்கான்ஃபிக் கட்டளையை ஓட்டும்போதும் அந்த ஒரு வரி எச்சரிக்கை வரட்டும்.

என் போர்டு பயன்படுத்தும் டெஃப்கான்ஃபிக்கில் செத்துக் கிடக்கும் வரிகளை ஒவ்வொன்றாகத் தேடத் தொடங்கிவிட்டேன். சிம்பலுக்கு ஒரு பேட்ச்சாக, காரணத்தோடு அனுப்புகிறேன்.

அன்புடன்,
உங்கள் கெர்னலை நம்பி போர்டுகளை ஓட்டும் ஒருவன்