பூட்ஸுக்கு ஜிப் வைத்துக் கொடுத்தவருக்கும், மற்ற எல்லோருக்கும்

அன்புள்ள எல்லோருக்கும்,

"இனி காலைக் குறுக்கே போடலாம்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். மற்றவர்களுக்கு இது ஒரு செய்தியே இல்லை, ஆனால் ஜோடி இல்லாமல் வரிசையாக நின்று எல்லோரும் ஒரே அடியைப் போடுகிற லைன் டான்ஸைச் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிற ஒருத்திக்கு இதைவிடப் பெரிய செய்தி கிடையாது. என் வகுப்புக்கு முதல் நாள் வருகிற எவரும் முதலில் படிப்பது வைன் என்கிற அடிதானே: பக்கம், பின்னால், பக்கம், தட்டு. அந்த "பின்னால்" வேண்டுமென்றால் ஒரு கால் இன்னொரு காலைத் தாண்டிப் போக வேண்டும். இடுப்பில் ஆபரேஷன் ஆனதும் எனக்கு முதலில் தடை போட்டது அதைத்தான். இரண்டாவது தடை, இடுப்பு 90 டிகிரிக்கு மேல் மடங்குகிற மாதிரிக் குனியக்கூடாது. இந்த இரண்டாவது தடையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது, அதற்குத்தான் இந்த மடல்.

ஆபரேஷன் வரைக்கும் கொண்டுபோன அன்றைக்கு என்ன நடந்தது என்று திரும்ப எழுதப் போவதில்லை. உங்களில் பாதிப் பேர் அங்கேயே நின்றீர்கள், மீதிப் பேருக்கு அவர்களே சொல்லிவிட்டார்கள். இப்போது நடக்கிறேன், கைத்தடி காரில் கிடக்கிறது, அவ்வளவு போதும்.

முதலில் மொத்தமாக ஒரு கும்பிடு. டெக்சாஸின் இந்தச் சான் ஆண்டோனியோவில் எத்தனை தமிழ் வீடுகள் இருக்கின்றன என்று எனக்குத் தெரியாது, ஆனால் அத்தனை வீட்டு எவர்சில்வர் தூக்கும் என் சமையலறைக்கு வந்து போயிருக்கும் என்று நினைக்கிறேன். ரசம், பருப்புத் துவையல், யாரோ ஒரு புண்ணியவதி செய்த வெந்தயக்களி. மூடியில் பெயர் எழுதாத நான்கைந்து பாத்திரங்கள் இன்னும் இங்கேதான் இருக்கின்றன, வந்து எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளைத் தமிழ்ப் பள்ளிக்குக் கூட்டிப்போனவர்கள், சொல்லாமல் கொள்ளாமல் புல் வெட்டிவிட்டுப் போன எதிர்வீட்டுக்காரர், இராத்திரி மூன்று மணிக்கு அழுதபோது விளக்கைப் போடாமலேயே பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்த நர்ஸ், மதுரையில் இருந்துகொண்டு தினமும் வீடியோ காலில் என் நடையைப் பார்த்து மார்க் போட்ட அம்மா. அப்புறம் என் மாணவிகள். நான் இல்லாத நாட்களில் வகுப்பை ஒரு வாரம்கூட நிறுத்தாமல் முறைவைத்து நடத்தினீர்கள், அதுவும் நான்கு மூலைகளையும் விடாமல் பிடித்துக்கொண்டு. புதிதாய் வந்தவர்கள் எப்போதும் பின்வரிசையில்தான் ஒளிந்துகொள்வார்கள், நடுவில் சுவர் மாறி, அதாவது எல்லோரும் வேறொரு சுவரைப் பார்த்துத் திரும்பியதும் பின்வரிசை முன்வரிசையாகிவிடும், பார்த்து ஆட எதிரில் ஆள் இல்லாமல் திருதிருவென்று விழிப்பார்கள். அதனால்தான் அடி தெரிந்தவர்கள் மூலையில் நிற்க வேண்டும் என்று கத்துவேன். நான் கத்தாமலேயே நீங்கள் நின்றதை வீடியோவில் பார்த்தேன். ஒருவர் மட்டும் பாட்டுக்கு நடுவில் அடியை முதலிலிருந்து தொடங்குகிற ரீஸ்டார்ட்டை விட்டுவிட்டீர்கள், யார் என்று சொல்ல மாட்டேன்.

சரி, பூட்ஸ் கதைக்கு வருகிறேன்.

வகுப்பு நடக்கிற ஹாலில் தெற்குப் பக்கச் சுவரோரம் ஒரு பெரியவர் உட்கார்ந்திருப்பாரே, தொப்பியை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு, அவரை எல்லோருக்கும் தெரியும். பெயர் போடக் கூடாது என்று சொல்லிவிட்டார். வருவார், "ஈவ்னிங், மேம்" என்பார், ஒரு கோக் வாங்கிக்கொண்டு உட்கார்ந்து கடைசிப் பாட்டு வரைக்கும் பார்ப்பார், போய்விடுவார். இத்தனை வருஷத்தில் அவர் தளத்தில் இறங்கி நான் பார்த்ததில்லை. நானும் விடாமல் "வாங்க, ஜோடி தேவையில்லாத ஆட்டம்தானே" என்று கூப்பிட்டுக்கொண்டே இருப்பேன், அவரும் முட்டியைத் தட்டிக்காட்டிச் சிரிப்பார்.

கார் ஓட்டுவதற்குச் செருப்பு மாற்றிக்கொள்வது என் வழக்கம் என்பதால் அன்று என் பூட்ஸ் பெஞ்சுக்கு அடியிலேயே கிடந்துவிட்டது. அதை எடுத்து வைத்தது அவர்தான். ஒரு வாரம் கழித்து என் வீட்டுக்காரருக்குப் போன் செய்து, "இதில் கத்தி வைக்கலாமா, கோபப்படுவாரா?" என்று கேட்டிருக்கிறார். இவருக்கு ஒன்றும் புரியவில்லை, சரி என்று சொல்லிவைத்திருக்கிறார். என்னிடம் மூச்சுவிடவில்லை.

கவ்பாய் பூட்ஸில் கயிறும் கிடையாது, ஜிப்பும் கிடையாது. மேல்விளிம்பில் இரண்டு பக்கமும் இருக்கிற தோல் காதுகளைப் பிடித்து, குனிந்து, பலம் கொண்ட மட்டும் இழுத்தால்தான் கால் உள்ளே போகும். குனியவே கூடாதவள் அதை எப்படிப் போடுவது? ஆஸ்பத்திரியில் ரப்பர் அடி வைத்த ஷூ ஒன்றைச் சிபாரிசு செய்தார்கள். நடக்க நல்லதுதான். ஆனால் மரத்தரையில் ரப்பர் வழுக்காது, உடம்பு திரும்பும், பாதம் திரும்பாது, நடுவில் முட்டி மாட்டிக்கொள்ளும். தோல் அடி வைத்த பூட்ஸைப் போட்டுக்கொண்டு தரையில் டான்ஸ் வாக்ஸ் பொடியையும் தூவுகிறோம் என்றால் அது அழகுக்காக இல்லை.

பெரியவர் எச்இபி மளிகைப் பையில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். பிரித்தால் என் பூட்ஸ். உள்பக்கத் தையலைப் பிரித்து, கணுக்காலிலிருந்து மேல்விளிம்பு வரை பித்தளை ஜிப் வைத்திருக்கிறார். பழைய தையல் எந்த நிறமோ அதே நிறத்தில் நூல், ஓரத்தில் இரட்டைத் தையல், உள்ளே கால் உரசாமல் இருக்க மெல்லிய தோல் பட்டை. ஜிப்பின் நாக்கில் முட்டி உயரத்துக்கு வருகிற மாதிரி ஒரு தோல் கயிறு கட்டி, நுனியில் விரல் நுழைகிற அளவுக்கு வளையம். உட்கார்ந்த இடத்தில் இருந்தே இழுத்துவிடலாம், குனிய வேண்டாம். கழற்றுவதற்கு ஒரு குச்சி, அதன் நுனியில் ஹேங்கர் கம்பியை வளைத்துச் செய்த கொக்கி. கம்பி முனை கையைக் கிழித்துவிடாமல் இருக்க அதையும் அரத்தால் ராவியிருக்கிறார்.

நான் வாயடைத்துப் போய் உட்கார்ந்திருந்தேன். அவர்தான் சொன்னார், வாழ்நாள் முழுக்கச் சேணம் தைத்த கை என்று. மனைவிக்கும் இதே இடுப்பு ஆபரேஷன் நடந்ததாம், அவருக்கும் இப்படித்தான் செய்து கொடுத்தாராம். 1992ல் பில்லி ரே சைரஸின் 'ஏக்கி பிரேக்கி ஹார்ட்' வந்து ஊர் முழுக்க லைன் டான்ஸ் பைத்தியம் பிடித்தபோது, வீட்டுக் கம்பளத்தைச் சுருட்டி மூலையில் நிறுத்திவிட்டு அந்த அம்மா ஆடிப் பழகினாராம். "அவள் ஆடுவாள், நான் பார்ப்பேன்" என்றார். அதற்கு மேல் அவரும் பேசவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. எவ்வளவு ஆயிற்று என்று கேட்டதற்குத் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

இனிமேல் அவரை "ஆட வாங்க" என்று நச்சரிக்க மாட்டேன். இது உறுதி.

படுத்துக் கிடந்த நாட்களில் இந்த ஆட்டத்தின் மேல் எனக்கு ஏன் இப்படி ஒரு பித்து என்று யோசித்துப் பார்த்தேன். வீட்டுக்காரரின் வேலை விசாவை ஒட்டிக் கிடைக்கிற எச்-4 விசாவில் வந்து, வேலைக்கும் போக முடியாமல், கார் ஓட்டவும் தெரியாமல் அபார்ட்மென்டில் அடைந்து கிடந்த காலத்தில் ஒரு தோழி என்னைக் கிரீன் ஹாலுக்கு இழுத்துப் போனாள். நியூ பிரான்ஃபெல்ஸ் பக்கம், 1878ல் கட்டியது, டெக்சாஸில் விடாமல் நடந்துவருகிற நடன ஹால்களில் அதுதான் மிகப் பழையது. ஏசி கிடையாது, வியர்த்துக் கொட்டியது. ஜோடிகள் தளத்தின் ஓரமாக இடஞ்சுழியாக டூ-ஸ்டெப் போட்டுச் சுற்றிக்கொண்டிருக்க, நடுவில் தனியாக வந்தவர்கள் வரிசை பிடித்து ஆடினார்கள். தொப்பி வைத்த பாட்டியும், பீர் வயிற்றோடு ஒரு லாரி டிரைவரும், கல்லூரிப் பெண்களும் ஒரே நேரத்தில் குதிகாலைத் தட்டினார்கள். மார்கழியில் தெருவில் கும்மியடித்து வளர்ந்த எனக்கு அது வேற்று ஊர் ஆட்டமாகவே தெரியவில்லை. யாரும் என்னை ஆட அழைக்க வேண்டியதில்லை, நானும் யாரையும் அழைக்க வேண்டியதில்லை, வரிசையின் கடைசியில் போய் நின்றால் போதும். லைன் டான்ஸ் கவ்பாய் காலத்துப் பாரம்பரியம் என்று நம்புகிறவர்கள் உண்டு. இன்றைய வடிவத்தில் பாதிக்கு மேல் எழுபதுகளின் டிஸ்கோ தளங்களுக்குக் கடன்பட்டது, புது ஆட்டங்களை யாராவது உட்கார்ந்து 32 எண்ணிக்கைக்கு அடி எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. பாரம்பரியமாக இருந்திருந்தால் என்னைப் போன்றவளை யார் சொல்லிக்கொடுக்க விட்டிருப்பார்கள்?

பிசியோதெரபியில் சுவரைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நடக்கச் சொன்னார்கள். பக்கம், சேர், பக்கம், தட்டு. குறுக்கே போகாத வைன். வாயால் எண்ணிக்கொண்டே நடந்ததில் அந்த அறையில் இருந்த மற்றவர்களும், வாக்கர் பிடித்த ஒரு தாத்தா உட்பட, கூடவே எண்ண ஆரம்பித்துவிட்டார்கள். நாற்காலியில் உட்கார்ந்தபடியே லைன் டான்ஸ் ஆடுகிற வகுப்புகள் உண்டு என்று எனக்கு முன்பே தெரியும். வேகமான பாட்டுக்கு ஷஃபிள் போடுகிற மும்முரத்தில் அதையெல்லாம் நான் சட்டை செய்ததில்லை.

இப்போது செய்யப் போகிறேன். அடுத்த மாதத்தின் முதல் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, அதே ஹால். முதல் வரிசை முழுக்க நாற்காலி. முட்டி, இடுப்பு, வயசு, எதுவாக இருந்தாலும் வாருங்கள், காசு வேண்டாம். நின்று ஆடுகிற அத்தனை அடிக்கும் உட்கார்ந்து ஆடுகிற அடி நான் எழுதி வைத்திருக்கிறேன், வைனுக்குக் குதிகாலும் நுனிக்காலும் மாற்றி மாற்றி நகர்ந்தால் போதும். திரும்புகிற இடத்தில் கையை மட்டும் சுற்றுங்கள், சுவர் மாறும்போது நின்று ஆடுகிறவர்கள் நாற்காலிக்காரர்களைச் சுற்றி வந்து நிற்பார்கள், அது எப்படி என்று மூலைக்காரர்களுக்கு மட்டும் முந்தின நாள் மாலை சொல்லித்தருகிறேன். தெற்குச் சுவரோர நாற்காலியை மட்டும் யாரும் முன்வரிசைக்கு எடுத்து வந்துவிடாதீர்கள், அதற்கு ஆள் இருக்கிறது.

கை வைக்காத நாற்காலிதான் வேண்டும். ஹாலில் இருப்பவை முக்கால்வாசி கை வைத்தவை. வீட்டில் மடக்கு நாற்காலி இருந்தால் தூக்கிக்கொண்டு வாருங்கள், வரும்போது உங்கள் தூக்குப் பாத்திரங்களையும் நான் எடுத்துவந்துவிடுகிறேன்.