கதவுக்குப் பின்னால் இருந்த சார்ட்

பெரம்பூர், சென்னை

அன்புள்ள கயல்,

வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கிறோம். உன் ரூம் கதவுக்குப் பின்னால் ஒட்டியிருந்த தனிம வரிசை அட்டவணையைக் கிழியாமல் பிரித்தெடுப்பதற்குள் என் இடுப்பு போய்விட்டது. சோடியம் கட்டத்தில் உன் ஸ்டிக்கர் பொட்டு இன்னும் அப்படியே இருக்கிறது.

29சி பஸ்ஸில் உன்னை ஒப்பிக்கச் சொல்வேனே, ஹைட்ரஜன், ஹீலியம், லித்தியம் என்று இருபது வரைக்கும். பாஸ்பரஸ், கந்தகம் வரும்போது தடுமாறினால் திட்டுவேன். நேற்று அதைத் தரையில் விரித்துப் பார்த்தபோதுதான் உறைத்தது, நான் படிக்க வைத்த திசையே தப்பு. அது மாதக் காலண்டர் மாதிரி. தேதி குறுக்கே ஓடும். ஆனால் சலூன் லீவு எந்தெந்தத் தேதி என்று தெரிய, செவ்வாய்க்குக் கீழே இறங்கிப் பார்க்கணும். என்ன, காலண்டரில் எல்லா வாரமும் ஏழு நாள். இதில் வரிசைகள் 2, 8, 8, 18, 18, 32, 32 என்று நீளும்.

லித்தியத்துக்குக் கீழே சோடியம், அதற்குக் கீழே பொட்டாசியம். தண்ணீரில் போட்டால் லித்தியம் நுரைத்து மிதக்கும். சோடியம் உருகி, உருண்டையாகி ஓடும். பொட்டாசியம் ஊதாவாகத் தீப்பிடிக்கும். ஒரே குணம், இறங்க இறங்கக் கோபம் ஜாஸ்தி. உன் மாமாக்கள் மூன்று பேரும் ஞாபகத்துக்கு வந்தார்கள். அம்மாவிடம் சொல்லாதே.

ரஷ்ய வேதியியலாளர் மெண்டலீவ் 1869-ல் இதை அடுக்கியபோது தெரிந்த தனிமங்கள் 63தான். எடைப்படி அடுக்கிக்கொண்டே வந்தவர், குணம் ஒத்துவராத இடத்தில் அடுத்ததை இழுத்துப் போட்டு நிரப்பாமல் கட்டத்தைக் காலியாக விட்டார். அலுமினியத்துக்குக் கீழே அப்படி ஒன்று. வரப்போவதற்கு 'ஏக அலுமினியம்' என்று பேர்கூட வைத்தார். நம்ம ஏகாதசியில் வருகிற அதே ஏக, ஒன்று என்று அர்த்தம்; அலுமினியத்துக்கு ஒரு கட்டம் கீழே. 1875-ல் பிரான்சில் புவாபோத்ரான் அதைக் கண்டுபிடித்தார். அவர் வைத்த பேர் காலியம். காலிக் கட்டத்துக்குக் காலியம்! அவர் நினைத்தது என்னவோ 'காலியா' என்ற பிரான்சின் பழைய லத்தீன் பெயரை.

அடர்த்தி 4.7 என்று புவாபோத்ரான் சொல்ல, அந்த உலோகத்தைக் கண்ணால்கூடப் பார்க்காத மெண்டலீவ், இல்லை, 5.9 பக்கம் வரணும், நன்றாகச் சுத்தம் செய்து அளந்து பாருங்கள் என்றார். அளந்தால் 5.9. புவாபோத்ரான் இடத்தில் நான் இருந்தால் கடுப்பாகியிருப்பேன்.

அது 30 டிகிரிக்குள் உருகிவிடுமாம். நம்ம மாடி ரூமில் சித்திரை மாசம் கட்டியாகவே பார்க்க முடியாது.

சரி, இந்த சார்ட் 103 தனிமங்களோடு நின்றுவிட்டது. இப்போது 118 ஆகிவிட்டது. இதைச் சுருட்டிக் கூரியரில் அனுப்பட்டுமா, அதே இடத்தில் ஒட்டிவிடட்டுமா? வெள்ளிக்கிழமை பெயின்டர் அந்தக் கதவுக்கு வருகிறார். அதற்குள் போன் பண்ணு.

அப்பா