எட்வின் மகன் இளங்கோவுக்கு

நாகர்கோவில்
ஞாயிறு மாலை

அன்புள்ள மகன் இளங்கோவுக்கு,

நானும் அம்மாவும் சுகம். மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. போன வாரம் நீ போனில் சிரித்துக்கொண்டே சொன்னது என் மனதை விட்டுப் போகவில்லை. இங்கிலாந்தில், உன் யார்க் ஆபீஸில் எல்லோரும் உன்னை 'எட்வின்' என்று கூப்பிடுகிறார்களாம். பாஸ்போர்ட்டில் என் பெயர் உன் பெயருக்குப் பின்னால் நிற்பதைப் பார்த்து, இளங்கோவை விட இதுவே வாய்க்கு வசதி என்று பிடித்துக்கொண்டார்களாம். "நாள் பூரா உங்களைத்தான் வேலை வாங்குறாங்க, அப்பா" என்றாய்.

அதில் ஒரு பெண், "எங்கள் தாத்தா காலத்துப் பெயர் இந்தியாவுக்கு எப்படி வந்தது?" என்று கேட்டதற்கு நீ விழித்தாயாமே. பதிலைப் போனில் சொன்னால் 'சரிப்பா, சரிப்பா' என்று முடித்துவிடுவாய். அதனால்தான் இந்தக் கடிதம்.

எனக்குப் பெயர் வைத்தது உன் பாட்டா. அவர் படித்தது மிஷன் பள்ளிக்கூடம், பார்த்து வளர்ந்தது வெள்ளைக்காரப் பெயர்கள். அர்த்தமெல்லாம் அவருக்குத் தெரியாது. ஓசை பிடித்திருந்தது, வைத்துவிட்டார். அவர் மட்டும் இல்லை. நம் சர்ச்சில் ஆராதனை முடிந்ததும் வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பழைய ஆங்கிலோ-சாக்சன் அரசவையே திரும்பிப் பார்க்கும்: ஆல்பிரட், எட்மண்ட், எட்வர்ட், ஆஸ்வால்ட், வில்பிரட், எடித், மில்ட்ரெட், ஹில்டா. ரிட்டயரான பிறகு இந்தப் பெயர்களைத் தோண்டுவதுதான் எனக்குப் பொழுதுபோக்கு.

ஆங்கிலோ-சாக்சன்கள் என்றால் நார்மன்கள் வருவதற்கு முன் இங்கிலாந்தில் ஆண்டவர்கள். அந்த ஜனங்களின் பெயர்களில் பெரும்பாலானவை இரண்டு சொல்லை ஒட்டவைத்தவை. 'ஈயட்' என்றால் செல்வம், நல்ல பேறு. 'வினெ' என்றால் நண்பன். இரண்டும் சேர்ந்தால் எட்வின். அதே செல்வத்தோடு காவலன் சேர்ந்தால் எட்வர்ட், காப்பு சேர்ந்தால் எட்மண்ட், ஈட்டி சேர்ந்தால் எட்கர். ஆல்பிரட் என்பதில் முதல் பாதி 'எல்ஃப்'. நம் பழைய சொல்லில் அணங்கு என்று வைத்துக்கொள்ளலாம். பின்பாதி ஆலோசனை. வில்பிரட், விருப்பமும் சமாதானமும். ஆஸ்வால்ட், தெய்வமும் ஆட்சியும். பெண் பிள்ளைகளுக்கும் போரை வைக்கத் தயங்கவில்லை. எடித் என்றால் செல்வம், போர். ஹில்டா என்றால் வெறும் போர்தான். இதை அம்மாவிடம் சொன்னேன். உன் ஹில்டா அத்தையை நினைத்து, "பொருத்தமாத்தான் வச்சிருக்காங்க" என்றாள். இது கடிதத்தோடு இருக்கட்டும்.

ஆனால் இரண்டு பாதியும் சேர்ந்து ஒரே பொருள் தரவேண்டும் என்ற கட்டாயம் அவர்களுக்கு இல்லை. வூஸ்டர் நகரத்தில் வுல்ஃப்ஸ்டன் என்று ஒரு பிஷப் இருந்தார், 1095-ல் இறந்தவர். பெயரைப் பிரித்தால் ஓநாய், கல். ஓநாய்க் கல்லுக்கு என்ன அர்த்தம்? ஒன்றுமில்லை. அவருடைய அம்மா வுல்ஃப்கிஃபு, அப்பா ஏதெல்ஸ்டன். அம்மாவின் முன்பாதியையும் அப்பாவின் பின்பாதியையும் எடுத்துப் பிள்ளைக்கு வைத்துவிட்டார்கள். அவ்வளவுதான். நாம் பாட்டா பெயரை முழுசாக எடுத்துப் பிள்ளைக்கு வைப்போம். பெயரன் என்ற சொல்தானே பேரன் ஆனது. அவர்களோ முழுப் பெயரைத் திரும்ப வைப்பது குறைவு. பாதியைத்தான் கடத்தினார்கள். ஆல்பிரட் ராஜாவின் அப்பா ஏதெல்வுல்ஃப், அண்ணன்மார் ஏதெல்பால்ட், ஏதெல்பெர்ட், ஏதெல்ரெட். அக்காள் ஏதெல்ஸ்வித். 'ஏதெல்' என்றால் உயர்குலம். அந்த வீட்டில் சாப்பிடக் கூப்பிடும்போது யார் யாரென்று எப்படித்தான் தெரிந்ததோ!

இனி என் ஆளுக்கு வருகிறேன். நீ இருக்கும் அதே யார்க்கில்தான், வட இங்கிலாந்தை ஆண்ட எட்வின் ராஜா 627-ல் ஈஸ்டர் நாளில் ஞானஸ்நானம் வாங்கினார். அதற்கென்று அவசரமாக ஒரு மரக்கோயில் கட்டினார்கள். நீ பஸ்ஸில் போகும்போது பார்க்கிற மின்ஸ்டர் பேராலயத்தின் கதை அங்கேதான் தொடங்குகிறது. வாலிபத்தில் அவர் நாடில்லாமல் அலைந்தவர். ரெட்வால்ட் என்ற ராஜாவிடம் அடைக்கலம் புகுந்திருந்தபோது, அவரைக் கொன்றுவிடு, பணம் தருகிறேன் என்று எதிரி ஆள் அனுப்பினான். ரெட்வால்ட் ஏறக்குறைய சம்மதித்தும்விட்டார். அவருடைய மனைவிதான், பொன்னுக்காக நண்பனை விற்பது ராஜாவுக்கு அழகில்லை என்று தடுத்தாள். செல்வம், நண்பன் என்று பெயர் கொண்டவனின் உயிர் அந்த இரண்டு சொல்லுக்கு நடுவில் ஊசலாடியிருக்கிறது, பார்.

731-ல் பீட் என்ற துறவி எழுதி முடித்த வரலாற்றில் இதெல்லாம் இருக்கிறது. அதில் எனக்கு ரொம்பப் பிடித்தது வேறு. எட்வின் பாதையோரச் சுனைகளில் கம்பு நட்டு, வழிப்போக்கர்கள் தண்ணீர் குடிக்க வெண்கலக் கிண்ணங்களைத் தொங்கவிட்டாராம். பயத்தாலோ பிரியத்தாலோ, ஒருவரும் அதைத் திருடவில்லையாம். நம் பஸ் ஸ்டாண்டில் தண்ணீர் டம்ளருக்குச் சங்கிலி போட்டிருந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். 633-ல் எட்வின் போரில் இறந்தார். தலையை மட்டும் யார்க்குக் கொண்டுவந்து அந்தக் கோயிலில் வைத்தார்கள்.

அப்புறம் 1066-ல் பிரான்ஸ் பக்கத்து நார்மண்டியிலிருந்து நார்மன்கள் வந்து இங்கிலாந்தைப் பிடித்தார்கள். வில்லியம், ராபர்ட், ரிச்சர்ட் என்பவை பெரிய இடத்துப் பெயர்கள் ஆயின. பழைய பெயர்கள் பட்டிக்காட்டுப் பெயர்கள் ஆகிவிட்டன. 1002-ல் நார்மண்டியிலிருந்து எம்மா என்ற ராணி வந்தபோது அவளுக்கு எல்ஃப்கிஃபு என்று உள்ளூர்ப் பெயர் கொடுத்தார்கள். 1100-ல் எடித் என்ற பெண் ராணியானபோது அவளை மட்டில்டா ஆக்கிவிட்டார்கள். தொண்ணூற்றெட்டு வருடத்தில் காற்று எப்படித் திரும்பிவிட்டது! அந்தப் பெயருள்ள பரிசுத்தவான்கள் புண்ணியத்தில் எட்வர்ட், எட்மண்ட் மாதிரிச் சில பெயர்கள் தப்பித்தன. மற்றவை பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டில்தான் தூசு தட்டி வெளியே வந்தன. மிஷனரிகள் நம் பக்கம் பள்ளிக்கூடம் கட்டிக்கொண்டிருந்த காலமும் அதுதான். உன் ஆபீஸ் பெண்ணுக்கு இதுதான் பதில். அவள் தாத்தாவுக்கும் என் அப்பாவுக்கும் ஒரே கடையில் வாங்கிய சரக்கு.

இன்னொரு ஆள் கதையும் சொல்லவேண்டும், மக்களே. ஆர்டெரிக் என்று ஒரு பையன். 1075-ல் பிறந்தவன், அம்மா ஆங்கிலேயப் பெண். பத்து வயதில் அப்பா அவனைக் கடல்தாண்டி நார்மண்டியில் ஒரு மடத்துக்கு அனுப்பிவிட்டார். எகிப்துக்குப் போன யோசேப்பு மாதிரி, பாஷை புரியாத ஊர். ஆர்டெரிக் என்பது அங்கே காதுக்குக் கரடுமுரடாக இருக்கிறது என்று விட்டாலிஸ் என்று மாற்றிவிட்டார்கள். பெரிய சரித்திர ஆசிரியர் ஆனார். அறுபது வயது தாண்டி, எழுதிய சரித்திரத்தை முடிக்கும்போதும் அந்தப் பெயர் மாற்றத்தை மறக்காமல் எழுதிவைத்தார். ஆர்டெரிக் என்பதையும் கடைசிவரை விடவில்லை.

என் பெயர் அந்த ஊரில் தினமும் ஒலிக்கிறது என்பதில் எனக்கு உள்ளூரச் சந்தோஷம்தான், மறைக்க மாட்டேன். ஆனாலும் உனக்கு இளங்கோ என்று ஆசையாக வைத்தவன் நான். நாளைக்கு ஆபீஸ் போனதும் சொல்லிப் பார். எட்வின் என் அப்பா, நான் இளங்கோ என்று. ஏதெல்ஸ்வித் என்று பிள்ளைக்குப் பெயர் வைத்தவர்களின் வம்சத்துக்கு இளங்கோ ஒன்றும் கஷ்டமில்லை. அர்த்தம் கேட்டால் இளவரசன் என்று சொல். யார்க்கில் எட்வின் மகன் வேறு யாராக இருப்பான்?

மின்ஸ்டரை ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. அம்மா வைத்தனுப்பிய நேந்திரங்காய் சிப்ஸ் காலியா என்று கேட்கச் சொன்னாள்.

அன்புடன்,
அப்பா