எடை குறைக்கத் துணையாக நலப் பயிற்றுநர் நியமிக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
பீடி சுற்றும் பெண்கள்,
மேலத்தெரு மற்றும் குளத்தங்கரைத் தெரு.

பெறுநர்:
மாவட்ட சுகாதார அலுவலர் அவர்கள்.

பொருள்: உடற்பருமன் உள்ளவர்களுக்கு எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நலப் பயிற்றுநர் நியமிக்க வேண்டுவது தொடர்பாக.

பார்வை: இதே பொருளில் திங்கட்கிழமை மனு நாளில் கொடுத்த மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் ஊர் தங்களுக்குத் தெரியாததல்ல. டெங்கு முகாமுக்கு வந்தபோது மேலத்தெரு முழுக்க நடந்து பார்த்தீர்கள். திண்ணைக்குத் திண்ணை மடியில் பீடித் தட்டோடு இருந்தவர்களைப் பார்த்து, "எல்லாருக்கும் உட்கார்ந்த வேலைதானா?" என்று கேட்டீர்கள். அந்த உட்கார்ந்த வேலையால் வந்த உடம்பைப் பற்றித்தான் மறுபடியும் எழுதுகிறோம். முந்தைய மனுக்களுக்கு, 'உரிய நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டது' என்று குறுஞ்செய்தி வந்தது. அப்புறம் ஒரு தகவலும் இல்லை.

1. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் அதிக எடையோ உடற்பருமனோ உள்ளவர்கள் 2015-16-ல் 30.9 சதவீதம், 2019-21-ல் 40.4 சதவீதம். தாங்கள் அறியாததல்ல.

2. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கிய பிறகு பிரஷர், சுகர் மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன. அதற்கு மனதார நன்றி. ஆனால் போன மாதத்தைவிட எடை கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா என்று எங்களை யாரும் கேட்பதில்லை.

3. எங்களைக் கொல்வது முட்டி வலிதான் ஐயா. ஆயிரம் பீடி சுற்றி முடிக்கக் காலை முதல் இருட்டும் வரை சம்மணம் போட்டு உட்கார வேண்டும். எழுந்திருக்கும்போது ஒரு கை தரையில், ஒரு கை தூணில். கக்கூஸில் உட்கார்ந்தால் எழுப்பிவிட மகளைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. கல்யாண வீட்டுப் பந்தியில் பாய் விரித்திருந்தால், பசிக்கவில்லை என்று பொய் சொல்லித் திரும்புகிறோம். ஆஸ்பத்திரிக்குப் போனால், வரிசையில் நிற்கும் அத்தனை பேருக்கும் கேட்கும்படி எடையைச் சத்தமாகச் சொல்லி எழுதுகிறார்கள். உள்ளே போனால், "உடம்பைக் குறைங்கம்மா, வலி தானாப் போயிரும்." அவ்வளவுதான். அடுத்த ஆள் வந்தாயிற்று. எப்படிக் குறைப்பது என்று கேட்டால் ஒரு ஜெராக்ஸ் தாள் தருகிறார்கள். காலையில் ஓட்ஸ், பதினொரு மணிக்கு ஆப்பிள், மாலையில் கிரீன் டீ. ரேஷன் அரிசியில் உலை வைத்து, பிள்ளைகளுக்குப் போட்டது போக மிச்சத்தை ராத்திரி பத்து மணிக்குச் சாப்பிடுகிறவளுக்கு இந்தத் தாள் எதற்கு? எங்கள் தெருவில் அதில் பீடித் தூள் மடித்து வைத்திருக்கிறார்கள். உடம்பு எடையில் 1 கிலோ குறைந்தால், ஒவ்வொரு அடிக்கும் முட்டி தாங்கும் பாரத்தில் சுமார் 4 கிலோ குறையும் என்று ஆராய்ச்சி சொல்கிறது. அதனால் 5 கிலோ குறைந்தாலே எங்களுக்குப் பெரிய விடுதலை. அந்த 5 கிலோவுக்குத்தான் வழி கேட்கிறோம்.

4. நடக்கச் சொல்கிறீர்கள், சரி. 2023 நவம்பரில் 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று மாவட்டத்துக்கு ஒரு 8 கிலோமீட்டர் நடைபாதையை அரசு தொடங்கியது. நல்ல திட்டம்தான். ஆனால் அந்தப் பாதைக்குப் போக முதலில் பஸ் படி ஏற வேண்டுமே!

5. நாங்கள் கேட்பது ஹெல்த் கோச் என்று சொல்லப்படும் நலப் பயிற்றுநரை. அமெரிக்காவில் சர்க்கரை நோய் வரும் நிலையில் இருந்தவர்களுக்கு ஆளுக்கொரு பயிற்றுநரைத் துணைக்கு வைத்தார்கள். எடையில் 7 சதவீதம் குறைப்பது, வாரம் 150 நிமிடம் நடப்பது, இதுதான் இலக்கு. சர்க்கரை நோய் வருவது 58 சதவீதம் குறைந்ததாக 2002-ல் முடிவு வெளியானது. சென்னையில் நடந்த இந்திய ஆய்வில், வாழ்க்கைமுறை ஆலோசனை மட்டும் பெற்றவர்களுக்கே இந்த நோய் வருவது 28.5 சதவீதம் குறைந்தது (2006). எங்களுக்கு வருகிறவர் பெரிய படிப்புப் படித்திருக்க வேண்டியதில்லை. எங்கள் அடுப்படிக்கு வந்து தட்டைப் பார்த்து, "சோற்றில் ஒரு அகப்பை குறைங்க, அந்த இடத்தில் கீரையும் பயறும் வையுங்க, நாலு டீயில் ரெண்டுக்குச் சீனி வேண்டாம்" என்று சொல்லட்டும். வலிக்கிற முட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தபடியே என்ன பயிற்சி செய்யலாம் என்று காட்டட்டும். அடுத்த வாரம் மறுபடி வந்து, செய்தீர்களா என்று கேட்கட்டும். எடை கூடியிருந்தால் திட்டாமல், வீட்டில் என்ன நடந்தது என்று விசாரிக்கட்டும். அந்த அடுத்த வாரம்தான் முக்கியம் ஐயா. ஒருநாள் முகாம் போட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு போகிறவர்கள் எங்களுக்கு வேண்டாம்.

6. புதிதாக ஆள் எடுக்க முடியாவிட்டால், வீட்டுக்கு மாத்திரை கொண்டுவரும் மகளிர் தன்னார்வலர்களுக்கே பயிற்சி கொடுங்கள். ஆனால் ஊக்கத்தொகையைக் கூட்டாமல் வேலையை மட்டும் கூட்டாதீர்கள். அவர்களும் எங்கள் வீட்டுப் பெண்கள்தான்.

7. எடை பார்க்கும் இடத்துக்கு ஒரு திரை. இதற்குமா நிதி ஒதுக்கீடு வர வேண்டும்?

ஆகவே ஐயா அவர்கள் தயவுகூர்ந்து, மேலத்தெருவுக்கும் குளத்தங்கரைத் தெருவுக்கும் வாரம் ஒருமுறை வரும் நலப் பயிற்றுநர் ஒருவரை நியமித்து உத்தரவிடுமாறு மீண்டும் கேட்டுக்கொள்கிறோம். முடியாது என்றால் அதையாவது எழுத்தில் தெரிவியுங்கள். கலெக்டர் ஐயாவிடம் அந்தக் கடிதத்தோடு போய்க்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
இரு தெருப் பெண்கள்.

இணைப்பு: முந்தைய மனு ரசீதுகளின் நகல், மேற்படி ஜெராக்ஸ் உணவுத் தாள்.