முப்பது வேலி கிராஸ் ஸ்டிச்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு உங்கள் இணைப்பிதழில் கைவேலை பற்றி வந்த பக்கத்தைப் படித்தேன். கிராஸ் ஸ்டிச்சில் (துணியில் கட்டத்துக்கு ஒரு பெருக்கல் குறியாகத் தைப்பது) போட்டு முடித்த ஒரு பெரிய மயில், கண்ணாடிச் சட்டத்தோடு சுவரில் தொங்குகிறது, அதன் கீழே ஆர்வம் இருந்தால் யாரும் போடலாம் என்று ஒரு வரி. அந்த வரிக்காகத்தான் இந்தக் கடிதம். ஆர்வத்துக்கு எங்கள் தெருவில் பஞ்சமே இல்லை சார். ஒரு சமயம் நான்கு வீட்டு பீரோவில் ஆர்வமாக ஆரம்பித்த நான்கு துணிகள் மடித்துக் கிடந்தன. ஒன்றில் பிள்ளையாருக்குத் தும்பிக்கை பாதி வந்திருந்தது, இன்னொன்றில் அன்னப்பறவைக்குக் கழுத்தே வரவில்லை. அந்த நான்கில் ஒன்று ஒன்றரை வருஷம் என்னுடையதாகவும் இருந்தது, அதனால் யாரையும் குறை சொல்லவில்லை.

நான் போடுவது தஞ்சாவூர் பெரிய கோயில் விமானம். (கோபுரம் என்று சொல்லாதீர்கள், கருவறைக்கு மேலே நிற்பது விமானம், வீட்டுக்கு வருகிறவர்களிடம் இதையே சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது.) அண்ணன் மகன் ஒரு சாயங்கால போட்டோவைக் கம்ப்யூட்டரில் போட்டுக் கட்டமாக்கிக் கொடுத்தான். அகலம் 200 தையல், உயரம் 300 தையல், மொத்தம் 60,000. நூல் 42 நிறம், அதில் 17 வெறும் கல்லுக்கு மட்டும், எல்லாமே பழுப்பும் காவியும் சாம்பலும்தான். அங்குலத்துக்கு 14 கட்டம் உள்ள அய்டா துணியில் போட்டால் படம் 14 அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல் அகலம், இருபத்தொன்றரை அங்குல உயரம் வரும். முதலில் இங்கே கடையில் கிடைத்த மேட்டித் துணியில்தான் ஆரம்பித்தேன். எண்ணிப் பார்த்தால் நீளவாக்கில் அங்குலத்துக்கு 11, அகலவாக்கில் 12. அதில் போட்டால் ராஜராஜன் கட்டியது ஒரு சுற்று இளைத்துப்போகும் என்று அதை மேஜைவிரிப்பாக்கிவிட்டு, சென்னையிலிருந்து அய்டா வரவழைத்தேன்.

2018 ஆகஸ்டில் தொடங்கினேன். மேலிருந்து கீழே என்று முடிவு செய்ததால் வானம், அப்புறம் கலசம். மூன்றே மாதத்தில் 6,100 தையல். ராத்திரி பதினொன்று வரை போட்டேன், சோறு குழைந்தது, கழுத்து பிடித்துக்கொண்டது. கலசத்துக்கு மூன்று மஞ்சள், ஒரு காவி. அது முடிந்த அன்று தெருவையே கூப்பிட்டுக் காட்டினேன். பெரிய கோயிலில் ராஜராஜன் தன் 25ஆம் ஆட்சியாண்டில் 275ஆம் நாள்தான் விமானத்து உச்சிக்குச் செப்புக்குடம் கொடுத்தான் என்று கல்வெட்டு சொல்கிறது, அதாவது கட்டி முடித்த பிறகு. எனக்கோ கலசம் முதலிலேயே வந்துவிட்டது. அதற்குப் பிறகு எதை நினைத்துக்கொண்டு போடுவது? ரெண்டு பக்கமும் வானம், நடுவில் பழுப்பு, மறுபடி வானம்.

அப்புறம் நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் வந்தது. மன்னார்குடிக்காரர்களுக்கு அதைப் பற்றி எழுதத் தேவையில்லை. ஓடு பறந்தது, கொல்லையில் ஏழு தென்னை போனது, எங்கள் தெருவுக்குக் கரண்ட் வர 19 நாள் ஆனது. துணியைச் சுருட்டி டிரங்குப் பெட்டியில் போட்டவள் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. மனசில்லை என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில், கரண்ட் வந்து தென்னங்கன்றும் வைத்த பிறகும் எடுக்காமல் இருந்ததற்குப் புயல் காரணமே கிடையாது, பெட்டியைத் திறந்தால் 53,900 தையல் பாக்கி இருக்குமே என்ற பயம்தான்.

2020 ஜூன் 12, எட்டு வருஷத்துக்குப் பிறகு மேட்டூர் அணையை உரிய தேதியில் திறந்த நாள். வீட்டுக்காரர் குறுவைக் கணக்கு போட்டுக்கொண்டிருந்தார், நான் விதை கட்டப் பழைய வேட்டி தேடிப் பெட்டியைத் திறந்தேன். துணியில் ஊசியைக் குத்தியபடியே வைத்திருக்கிறேன்! நம் ஊர் ஈரத்தில் அது துருப்பிடித்து, வானத்தில் ரெண்டு கட்டம் அகலத்துக்குக் காவிக் கறை. எலுமிச்சம்பழம் தேய்க்கலாம் என்றார்கள், பக்கத்து நூலின் சாயம் போய்விடுமோ என்று பயமாக இருந்தது. சரி, இதன் மேலேயே தைத்து மூடிவிடலாம் என்று ஒரு நீல நூலைக் கோத்துப் பத்து தையல் போட்டேன். கறை மறைந்துவிட்டது. அன்றைக்கு அவ்வளவுதான் போட்டேன்.

அப்போது அவர் எட்டிப் பார்த்து, இது எவ்வளவு இருக்கும் என்று கேட்டார். பத்துக்குப் பத்து கட்டமாகக் கோடு போட்டிருக்கிறேன், ஒன்றில் 100 தையல் என்றேன். அவர் டெல்டாக்காரர் இல்லையா, உடனே ஒரு தையலை ஒரு குழியாக்கி நில அளவைக் கணக்குக்குப் போய், “நூறு குழி ஒரு மா. அப்ப அகலத்துல இருவது மா, அதுவே ஒரு வேலி. கீழே வரைக்கும் முப்பது வேலி. நமக்கு இருக்கிறது ஒன்பது மா, நீ என்னடான்னா முப்பது வேலி மிராசுதார்” என்றார். சிரித்துவிட்டேன். ஆனால் அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அது மா கணக்குத்தான். 60,000 என்று நினைத்தால் கை ஓடாது, ஒரு மா என்றால் ஓடுகிறது. அந்த மூன்று மாதத்தில் போட்டது 3 வேலியும் ஒரு மாவும் என்று தெரிந்ததும் எனக்கே ஒரு கௌரவம் வந்துவிட்டது. ஒரு மா முடிந்தால் வரைபடத்தில் அந்தக் கட்டத்தைப் பென்சிலால் அடித்துத் தேதி எழுதுவேன். விமானத்துக்கு 13 நிலை, ஒவ்வொரு நிலை இறங்கும்போதும் ஒரு போட்டோ. முந்தைய போட்டோவோடு வைத்துப் பார்த்தால்தான் வேலை நகர்வது கண்ணுக்குத் தெரியும், தினம் பார்க்கிற கண்ணுக்கு அது தெரியாது.

வாரத்துக்கு ரெண்டு மா, அவ்வளவுதான் வைத்துக்கொண்டேன். ஒன்று கல், ஒன்று வானம். வான மா ஒரே நீலம், நாற்பது நிமிஷத்தில் முடியும், சனிக்கிழமை சாயங்காலம் டிவி ஓட ஓடப் போட்டுவிடலாம். கல் மா அப்படி இல்லை. ஒரு மாவுக்குள் ஒன்பது, பத்து நிறம் ஒன்றிரண்டு தையலாகச் சிதறிக் கிடக்கும், ரெண்டரை மணி நேரம் ஆகும், பகல் வெளிச்சம் வேண்டும். புதன்கிழமை சமையல் முடித்துத் திண்ணையில் உட்கார்ந்தால் மதியத்துக்குள் பாதி, சாப்பிட்டுவிட்டு மீதி. வானத்தை மட்டும் தொடர்ந்து போட்டால் தூக்கம் வரும், கல்லை மட்டும் போட்டால் கண்ணும் கோபமும் வரும். மாற்றி மாற்றிப் போடுவதில்தான் நான் இத்தனை நாள் ஓட்டியிருக்கிறேன். அறுவடை நேரத்திலும் மகள் பிரசவத்துக்கு வந்திருந்தபோதும் வாரக்கணக்கில் ஒன்றும் நடக்கவில்லை. விட்டதைச் சேர்த்து அடுத்த வாரம் ஆறு மா போடுவேன் என்று ஒருநாளும் சபதம் எடுக்கவில்லை, போன வாரம் போனதுதான்.

கல் மாவில் ஒரு நிறம் முடிந்ததும் நூலை வெட்டுவதில்லை. அதே நிறம் அடுத்த மாவில் எங்கே வருகிறதோ அந்த ஓட்டையில் நூலை மேலே எடுத்துத் தொங்கவிட்டுவிடுவேன். பத்து நூல் தொங்கும், எதற்கு முறை வருகிறதோ அதை எடுத்துப் போடுவது, முறைப்பாசனத்தில் மடை திறக்கிற மாதிரிதான். நாளைக்கு எங்கிருந்து தொடங்குவது என்று யோசிக்க வேண்டாம், நூலே இடத்தைக் காட்டும். வானத்துக்கும் அப்படியே, வரிசையை முடித்துவிட்டு எழுந்திருக்க மாட்டேன், நடுவில் நிறுத்தி அடுத்த நூலையும் கோத்து வைத்துவிடுவேன். மறுநாள் கண்ணாடியைத் தேடி, ஊசி கோக்க நாலு தடவை எச்சில் தொட்டு, அந்த ஐந்து நிமிஷத்தில்தான் பாதிப் பேர் துணியை மடித்து வைத்துவிடுகிறோம். ஊசியை மட்டும் துணியில் விடுவதில்லை, பஞ்சு மெத்தையில் குத்தி வைக்கிறேன், துருப்பாடம் படித்தாயிற்று. துணியை இழுத்துப் பிடிக்கிற வளையத்தையும் தினம் கழற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் வட்டமாக மடிப்பு விழுந்து போகாது. கை முக்கியம், சாம்பாருக்குத் தாளித்த விரலோடு உட்கார்ந்தால் வானத்தில் மஞ்சள் பூக்கும்.

தப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் துணி பீரோவுக்குப் போவது சோம்பலால் அல்ல, பெரும்பாலும் ஒரு தப்பைக் கண்டுபிடித்த அன்று. எனக்கு அது பதினொன்றாவது வேலியில் நடந்தது. விமானத்தின் இடது ஓரமும் வலது ஓரமும் ஒரே படிக்கட்டாக இறங்க வேண்டும், வலது பக்கம் ஒரு கட்டம் தள்ளி நின்றது. பின்னோக்கி எண்ணிக்கொண்டே போனால் ஏழு மாவுக்கு முன்னால் ஒரு வரிசையை விட்டிருக்கிறேன். 700 தையல். அன்றைக்குப் பிரிக்கவில்லை, துணியை மடித்துவிட்டு முறுக்குக்கு மாவு பிசைந்தேன். மறுநாள் ஆரம்பித்து, பிரிக்க ஒரு வாரம், திரும்பப் போட ஒரு மாதத்துக்கு மேல். “நட்டதைப் பிடுங்கி நடுறியா” என்று அவர் கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. எல்லாத் தப்பையும் பிரிக்க வேண்டும் என்பதில்லை. கல்லில் ஒரு பழுப்புக்குப் பதில் இன்னொரு பழுப்பு விழுந்தால் எனக்கும் தெய்வத்துக்கும் தவிர யாருக்கும் தெரியாது, விட்டுவிடுவேன். எண்ணிக்கைத் தப்பு மட்டும் போகப்போகக் கூடவே வரும், அதற்கு மன்னிப்புக் கிடையாது. அதற்குப் பிறகு துணியில் பத்துக்குப் பத்து கோடுகளைப் பேனாவில் போடுவதை நிறுத்திவிட்டேன், தூண்டில் நரம்பு வாங்கிப் பத்துக் கட்டத்துக்கு ஒன்றாக ஓடவிட்டிருக்கிறேன். நூலாக இருந்தால் தைக்கிற ஊசி அதையும் சேர்த்துக் குத்தும், நரம்பைக் குத்தாது, முடிந்ததும் ஒரு இழுப்பில் உருவிவிடலாம். மெல்லிய நரம்பாகக் கேட்டபோது என்ன மீனுக்கு என்றார் கடைக்காரர், கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நூல் விஷயத்தில் நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு கண்டு 8 மீட்டர், ஆறு இழை. ரெண்டு இழையாகப் போட்டால் எனக்கு ஒரு கண்டில் 1,500 தையல் வருகிறது. வானத்துக்கு 12 கண்டு வேண்டும், நான் ஆறுதான் வாங்கினேன், மீதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. பிறகு வாங்கியது அதே எண், ஆனால் வேறு தடவை சாயம் ஏற்றியது, பக்கத்தில் வைத்தால் ஒரு நூல் அளவு வெளுப்பு. வானத்தில் கோடு போட்ட மாதிரி தெரியும் என்று அழுகை வந்துவிட்டது. கடைசியில் பழைய இழை ஒன்று, புது இழை ஒன்று சேர்த்துக் கோத்து நடுவில் ஒரு மா உயரத்துக்குப் போட்டேன். கோடு கரைந்துவிட்டது, மேகம் மாதிரி இருக்கிறது என்கிறார்கள், நானும் மறுப்பதில்லை. பெரிய இடத்தை அடைக்கிற நிறத்தை மொத்தமாக ஒரே நாளில் வாங்கிவிடுங்கள் அம்மா.

இனி உங்களிடம் கேட்க வேண்டியது. முதலாவது, அந்தப் பக்கத்தில் மயிலுக்கு நீங்கள் போட்ட வரைபடத்தில் வெறும் வண்ணக் கட்டம்தான் இருக்கிறது, குறியீடு இல்லை. பத்திரிகைத் தாளில் மூன்று பச்சையும் ஒரே பச்சையாகத்தான் விழுகிறது. கறுப்பு வெள்ளையில், நிறத்துக்கு ஒரு குறி போட்டு, பத்துக்குப் பத்து தடித்த கோடும் போட்டால் பாட்டிகள்கூடப் படிப்பார்கள். ரெண்டாவது, முடித்த படத்தையே போட்டுக்கொண்டிருக்காமல் பாதியில் நிற்பதையும் போடுங்கள், பின்பக்கம் நூல் தொங்கத் தொங்க, வரைபடத்தில் அடித்தது தெரியும்படி. முடித்த மயிலைப் பார்த்து யாருக்கும் மறுநாள் ஊசி எடுக்கத் தோன்றாது, நமக்கு வராது என்றுதான் தோன்றும். எதிர்வீட்டு அம்மாள் என் விமானத்தின் எட்டாவது நிலையைப் பார்த்துவிட்டுத்தான் தன் பிள்ளையாரை பீரோவிலிருந்து எடுத்தார். தும்பிக்கை இப்போது முழுசாக வந்து கொழுக்கட்டைக்குப் போய்விட்டது.

இதை விற்றால் எவ்வளவு வரும் என்று உங்கள் பக்கத்தில் ஒரு பெட்டிச் செய்தி இருந்தது. என்னிடமும் கேட்கிறார்கள். மணிக்கணக்குப் பார்த்து நடவுக் கூலி போட்டால்கூட வாங்குகிறவர் மயங்கி விழுவார், அதனால் அந்தப் பேச்சை நான் எடுப்பதில்லை.

நேற்று வரை 24 வேலியும் 8 மாவும் ஆகியிருக்கிறது. பதினோரு நிலை இறங்கிவிட்டது, இன்னும் ரெண்டு. விமானம் கீழே அகலமாகிக்கொண்டே வருவதால் வானம் குறைகிறது, இனிமேல் புதனும் கல், சனியும் கல் என்றாகிவிடும் போலிருக்கிறது, அதை எப்படிச் சமாளிப்பது என்று இன்னும் யோசிக்கவில்லை. இன்று சனிக்கிழமை. இந்தக் கடிதம் எழுத உட்கார்ந்ததில் இந்த வாரத்து வான மா அப்படியே நிற்கிறது, நீலத்தைக் கோத்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மன்னார்குடி.